கொல்லைத் தொட்டியில் கடல்புல்

மைசூர்,
12-8-1953

சிரஞ்சீவி ஸத்யபாமாவுக்கு மன்னி ஜயம்மாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே உன் அண்ணா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உப்புக் காற்றில் தலைமுடி கொட்டுகிறதா, எல்லாம் விவரமாக எழுது. "சௌக்கியம்" என்று ஒரே வார்த்தையில் கார்டை முடித்தாயானால் நான் நம்பமாட்டேன்.

நீ மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அப்பா இன்னும் உன் பேரை எடுத்துப் பேசுவதில்லை. ஆனால் தபால்காரன் வரும் நேரத்துக்கு மட்டும் அவருக்கு வாசலில் ஏதாவது வேலை இருக்கிறது. நீ பார்ப்பது மீன் இல்லை, கடலுக்கு அடியில் முளைக்கிற புல் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "புல் இருக்கிற இடத்துல மீன் இல்லாம இருக்குமா?" என்கிறார். கோர்ட்டு உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆகி நாலு வருஷமாகியும் வீட்டைக் கோர்ட்டாகவே நடத்துகிறார்.

உனக்கு அவர் வைத்த கெடு ஞாபகம் இருக்கிறதல்லவா? நேற்றுக்கூட என்னிடம் சொன்னார். "மார்ச்சுக்குள்ள வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா அவ அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா ஒரு வார்த்தை பேசாம ஆத்துக்கு வந்து, நான் பார்க்கிற வரனைப் பண்ணிக்கணும்." ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு வரன் இருக்கிறதாம். தாலுகா ஆபீஸ் உத்தியோகம். பையனின் அம்மா இப்போதே உன் போட்டோ கேட்டு அனுப்பிவிட்டாள். ஆகையால், அம்மாடி, எப்படியாவது பர்மனென்ட் பண்ணிக்கொள்ளும் வழியைப் பார்.

உன் அண்ணாவின் கூத்தைக் கேள். அலையைப் புல் எவ்வளவு அடக்கும் என்று நீ அவருக்கு எழுதிக் கேட்டாயாமே? கன்னம்பாடி அணையில் தண்ணீரைக் கட்டிப்போட்டே பழகின மனுஷர், பிறந்தது முதல் கடலைப் பார்த்ததில்லை. அவர் கொல்லையில் கடல் பண்ணுகிறார்! ஆசாரியை வரவழைத்துக் கிணற்றடியிலிருந்து தொழுவம் வரைக்கும் நீளமாக ஒரு மரத்தொட்டி, உள்ளே துத்தநாகத் தகடு. ஒரு முனையில் பலகை. அதைத் தள்ளினால் அலை வருகிறது. அது ஒழியட்டும், கடலுக்குப் புல் வேண்டாமா? என் இரண்டு துடைப்பத்தையும் பிரித்து, ஈர்க்கு ஈர்க்காகப் பலகையில் அடித்து, தொட்டிக்குள் இறக்கிவிட்டார். காலையில் வேலைக்காரி மல்லம்மா வந்து "பொரகெ எல்லம்மா?" என்று துடைப்பத்தை வீடெல்லாம் தேடுகிறாள். நான் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன்.

நீ தண்ணீரில் இறங்கித்தான் வேலை செய்கிறாயா? புடவையோடு எப்படி? உடனே எழுது.

மன்னி ஜயம்மா


மண்டபம்,
30-8-1953

அன்புள்ள மன்னிக்கு ஸத்யாவின் நமஸ்காரம். அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். நான் நன்றாக இருக்கிறேன். தலைமுடி கொட்டவில்லை, ஆனால் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. தளிகை நானே பண்ணிக்கொள்கிறேன். சாற்றமுது உன்னுடையது போல வரவில்லை.

புடவையைப் பற்றிக் கேட்டாய். ஆறு கஜம் தண்ணீரில் காலைச் சுற்றிக்கொண்டு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. அம்மாவின் பழைய ஒன்பது கஜம் ஒன்று பெட்டியில் இருந்தது. மடிசார் கட்டிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணம் ஆகாதவள் மடிசார் கட்டலாமா என்று கேட்க இங்கே மீன்களைத் தவிர யாரும் இல்லை. தயவு செய்து அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இங்கே அரை மணி நேரம் நடந்தால் இரண்டு கடல் பார்க்கலாம். தென்கடலில் இப்போது அலை. வடகடல் குளம் போலக் கிடக்கிறது. ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பினால் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிவிடும் என்கிறார் படகுக்காரர். என் புல் இருப்பது வடகடலில். இது பாசி இல்லை மன்னி. இதற்கு வேர் உண்டு, இலை உண்டு, பூக்கூட உண்டு. மணலுக்குள்ளேயே தண்டு ஓடி, அடுத்தடுத்து முளைவிட்டு, ஏக்கர் கணக்கில் பரவியிருக்கிறது. புல்லுக்குள் காலை வைத்தால் தண்ணீர் தெளிந்து பாதம் தெரிகிறது. புல்லுக்கு வெளியே வைத்தால் ஒரே கலங்கல். அலைக்கும் புல்லுக்கும் ஏதோ வழக்கு நடக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. யார் பக்கம் தீர்ப்பு என்று இதுவரை இங்கே யாரும் அளந்து பார்த்ததில்லை.

அளப்பதுதான் என் வேலை. புல்வெளியின் கடல் பக்கத்தில் ஒரு வரிசை கழி, கரைப் பக்கத்தில் ஒரு வரிசை கழி நட்டிருக்கிறேன். இரண்டிலும் அலை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் இப்போது அலையே இல்லை. வாடை வரும் வரை ஆபீஸர் பொறுக்கமாட்டார், அறிக்கையின் முதல் நகல் இப்போதே வேண்டும் என்கிறார். அதனால்தான் அண்ணாவுக்கு எழுதினேன். புல் ஒரு விரல் அகலம், முழங்கால் உயரம், தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் என்று சொல்லியிருக்கிறேன். உன் துடைப்பத்துக்கு இது போதாத காலம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்.

மார்ச் கெடுவை நான் மறக்கவில்லை. காலையில் கழியைப் பார்க்கப் படகில் ஏறும்போதெல்லாம் அதுதான் நினைவு. எனக்கு இந்த இடத்தை விட்டு வர மனமில்லை.

ஸத்யா


மைசூர்,
20-9-1953

சிரஞ்சீவி ஸத்யபாமாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம், க்ஷேமத்துக்கு எழுதவும்.

தொட்டிச் சோதனை முடிந்தது. ஆறு நாள், நாளுக்குப் பலமுறை. உன் மன்னி பலகையைத் தள்ளினாள், நான் அளந்தேன். தள்ளுவது ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காக அவளை ஏதோ ஒரு கீர்த்தனத்தை முணுமுணுத்துக்கொண்டே தாளத்துக்குத் தள்ளச் சொன்னேன். நன்றாக வந்தது. புல்லில்லாத தொட்டியில் நாலு அங்குல அலை அப்படியே மறுமுனைக்குப் போகிறது. புல் வைத்தால் இரண்டு அங்குலமாகிவிடுகிறது. சரிபாதி! வரைபடத்தோடு தனியே அனுப்பியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் அணையில் வேலை செய்கிறேன். கல்லும் சுண்ணாம்பும் செய்கிறதைப் புல் செய்கிறதே என்று எனக்கே மலைப்பாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உன் ஆபீஸர்கள் உன்னைப் பர்மனென்ட் பண்ணாவிட்டால் அவர்களுக்குக் கண் இல்லை என்று அர்த்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

செலுவநாராயணன்


மண்டபம்,
5-10-1953

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். நான் சௌக்கியம். நீங்கள் எல்லோரும் சௌக்கியமென்று நம்புகிறேன். நவராத்திரிக்கு மன்னி கொலு வைக்கப்போகிறாளா?

அண்ணா, உன் கடிதத்தை நின்றபடியே மூன்று முறை படித்தேன். ஆபீஸர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாதியா? இதுதாம்மா அறிக்கைக்கு உயிர். மத்ததெல்லாம் யார் வேணும்னாலும் எழுதலாம்" என்றார். முதல் நகலில் முதல் பக்கத்திலேயே சேர்த்தாயிற்று. பிப்ரவரியில் போர்டு கூடுகிறது. தற்காலிகமாக வந்தவர்களில் யாரைப் பர்மனென்ட் பண்ணுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அண்ணா. உன்னால்தான்.

மன்னிக்குக் கைம்மாறாக வேறென்ன அனுப்புவது? இங்கே கிடைப்பது புல்தான். மருந்துத் தண்ணீரில் போட்டுக் கண்ணாடிக் குடுவையில் அனுப்புகிறேன். இத்தனை நாள் நீ தள்ளின அலை எதன் மேல் அடிக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்.

ஸத்யா


மைசூர்,
10-11-1953

சிரஞ்சீவி ஸத்யாவுக்கு மன்னியின் ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியம்தானே?

குடுவை உடையாமல் வந்து சேர்ந்தது. புல் அழகாக இருக்கிறது. பச்சைப் பட்டு நாடா மாதிரி.

இந்த வருஷம் தசரா ஊர்வலத்துக்கு நல்ல கூட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி, போகவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள். பையனின் அம்மா நம் வீட்டு ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டாள். அப்பா "சர்க்கார் உத்தியோகம்" என்றார், அவ்வளவுதான். மார்ச் வரை பொறுத்திருக்கச் சொல்லி அனுப்பினார். கன்னம்பாடியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது. தேங்காய் விலை ஏறிவிட்டது. பக்கத்தாத்துப் பசுமாடு கன்று போட்டிருக்கிறது.

உன் அண்ணாவுக்கு ஆபீஸில் வேலை அதிகம். அதனால் எழுதவில்லை. சரியாகச் சாப்பிடுவதுமில்லை. நீ ஒன்றும் கவலைப்படாதே.

ஜயம்மா


மண்டபம்,
20-12-1953

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா? எனக்கு ஒரு வாரம் ஜுரம். இப்போது தேவலை.

வாடை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் குளம் மாதிரி கிடந்த கடலா இது என்று இருக்கிறது. கூரை ஓடு நாலு பறந்துவிட்டது. கரை நெடுக அறுந்த புல் குவியல் குவியலாக ஒதுங்கியிருக்கிறது, ஆடுகள் வந்து மேய்கின்றன. நான் மழை விட்ட நேரம் பார்த்துப் படகில் போய் வருகிறேன். கழிகள் நிற்கின்றன.

அண்ணா ஏன் கடிதமே போடுவதில்லை? என் மேல் ஏதாவது கோபமா? நீயும் தேங்காய் விலையையும் மாட்டுக் கன்றையும் எழுதினாயே தவிர, தொட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. தொட்டியைப் பிரித்துவிட்டார்களா?

அண்ணா பெருமைப்படும்படியாகத்தான் எல்லாம் நடக்கிறது என்று அவனிடம் சொல்.

ஸத்யா


மைசூர்,
8-1-1954

ஸத்யா, ஆசீர்வாதம். சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணாவுக்குத் தெரியாது. தெரிந்தால் சண்டை வரும். வரட்டும்! இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டு இருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீ அனுப்பின குடுவையை அண்டாத் தண்ணீரில் கொட்டினேன். புல் அப்படியே எழுந்து நின்றது. அடடா என்று கையால் தண்ணீரை அலைத்தேன். ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. கையை எடுத்தால் மெதுவாக எழுந்தது. உன் அண்ணா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜயா, இது வளையறதே" என்றார்.

"புல்லுன்னா வளையாதா பின்னே?" என்றேன் நான் சிரித்துக்கொண்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

துடைப்ப ஈர்க்கு வளையாதடி, ஸத்யா. விறைத்துக்கொண்டு நின்று அலையை மறித்தது. உன் புல் அலை வந்தால் குனிந்து வழி விடுகிறது. இந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. நிமிர்ந்து நிற்கும் என்று நீ எழுதினாய், நிமிர்ந்து நிற்பது எங்களுக்குத் துடைப்பம்தான்.

மறுநாளே புதுப் புல் பண்ண ஆரம்பித்தார். என் கொள்ளேகால் பட்டு, மயில்கழுத்து நிறம், அதில் முந்தானை நைந்துபோன ஒன்று இருந்ததே, அதை விரல் அகல நாடாவாக நான்தான் வெட்டிக் கொடுத்தேன். பட்டு தண்ணீரில் மூழ்கிவிடுகிறது. பெருமாள் படத்துக்குப் போட்டிருந்த பழைய நெட்டி மாலையைப் பிரித்து, துண்டு துண்டாக நாடா நுனியில் தைத்தேன். பிறகு நெட்டி மிதக்க, பட்டு நின்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "புடவையைக் கிழிச்சுக் கொல்லையில நடறா. ஆத்துல எல்லாருக்கும் பித்துப் பிடிச்சுடுத்து" என்றார்.

நான் பலகையைத் தள்ளினேன். நாலு அங்குல அலை மூன்றரை அங்குலமாக வந்தது. மறுபடி தள்ளச் சொன்னார். மறுபடியும் மூன்றரை. கை வலிக்கும் வரை தள்ளினேன். பாதியாவது, மண்ணாவது!

"உடனே ஸத்யாவுக்கு எழுதுங்கோ" என்றேன். "போர்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. நம்ம கொல்லைத் தொட்டியை யார் வந்து பார்க்கப் போறா? அவளுக்கு வேலை நிலைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து மனுஷர் கொல்லைப்பக்கமே போவதில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். பெருமாள் முன்னால் நின்றுகொண்டு ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளவில்லை.

எழுதினால் உன் வேலை போய்விடுமோ என்று பயம். எழுதாவிட்டால் நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் நீ தெரியாமலே பொய் சொல்வாய், பின்னால் யாராவது கண்டுபிடித்தால் உன் தலையில்தான் விடியும். யோசித்து யோசித்து எழுதிவிட்டேன். நீ அங்கேயே இருக்கவேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. நீ இல்லாமல் இந்த வீடு எனக்கு வெறிச்சென்று இருக்கிறது, இருந்தாலும் அதுதான் ஆசை. என்ன செய்வாயோ, நீயே முடிவு செய்.

உன் மன்னி


மண்டபம்,
16-1-1954

என் அருமை மன்னிக்கு நமஸ்காரம். பொங்கல் நன்றாக நடந்ததா? இங்கே ஒண்டியாகப் பண்ணிய சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அதையும் விடாமல் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு மறுபடி சிரித்தேன். மன்னி, எனக்கு முன்பே தெரியும்! கார்த்திகையில் முதல் பெரிய அலை வந்த அன்றைக்கே கழிகள் சொல்லிவிட்டன. கடல் பக்கத்துக் கழியில் ஒரு முழம் ஏறும் அலை, புல்வெளியைத் தாண்டிக் கரைப் பக்கத்துக் கழிக்கு வரும்போது மூன்று விரல்தான் குறைகிறது. தண்ணீர் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. புல்லின் தலைக்கு மேலே அலை அது பாட்டுக்குப் போகிறது. கழிதான் சாய்ந்துவிட்டதோ என்று சரிபார்த்தேன். சாயவில்லை. அண்ணாவின் பாதி தப்பு என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

அதை எப்படி அவனுக்கு எழுதுவேன்? கல்லும் சுண்ணாம்பும் செய்கிறதைப் புல் செய்கிறது என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டானே. "கழிகள் நிற்கின்றன" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அங்கே அவன் எனக்காக மறைக்கிறான், இங்கே நான் அவனுக்காக மறைக்கிறேன். நடுவில் நீ தேங்காய் விலை எழுதுகிறாய். நல்ல குடும்பம்!

ஆனால் வேறொன்று கண்டேன். புல்வெளிக்கு நடுவே அங்கங்கே வழுக்கைத் திட்டுகள் உண்டு. அலைதான் புல்லைப் பறித்துப் போடுகிறது. ஆகஸ்டில் ஒரு திட்டைச் சுற்றிக் குச்சி நட்டு வைத்திருந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் திட்டு குச்சிகளை விட்டு நகர்ந்திருக்கிறது. கடல் பக்கத்து ஓரத்தை அலை அரிக்கிறது, கரைப் பக்கத்து ஓரத்தில் தண்டு ஓடி முளைவிட்டு மூடிக்கொண்டு வருகிறது. திட்டு இடம் மாறியதே தவிரப் பெரிதாகவில்லை. இன்னொன்று, புல்லுக்கு வெளியே இந்த வாடையில் ஒரு முழம் மணல் பறிந்துபோய்விட்டது. புல்லுக்குள்ளே விரல்கடைகூடக் குறையவில்லை. புல் அலையைத் தடுக்கவில்லை, மன்னி. அலை போகட்டும் என்று விட்டுவிட்டு, தன் காலடி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இது பாதியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

போர்டுக்கு அப்படித் தோன்றுமா என்பது வேறு விஷயம். ஒரு வாடைக் காலத்துக் குச்சிகளை வைத்துக்கொண்டு என்ன சொல்கிறாய், இன்னொரு வாடை பார்த்துவிட்டு வா என்பார்கள். முதல் பக்கத்தில் இருக்கும் பாதிதான் என்னைப் பர்மனென்ட் ஆக்கும் என்று ஆபீஸர் நேற்றும் சொன்னார். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு இங்கே இருக்கவேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். இதை உன்னிடம்தான் வாய்விட்டுச் சொல்லமுடியும்.

ஸத்யா


மண்டபம்,
25-2-1954

அன்புள்ள அண்ணாவுக்கு ஸத்யாவின் நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியமா? நான் சௌக்கியம்.

போர்டு முந்தாநாள் கூடியது. முதலில் உனக்குச் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இந்தத் தொட்டிச் சோதனை எங்கே நடந்தது?" என்றார். "மைசூரில், எங்கள் வீட்டுக் கொல்லையில்" என்றேன். சிரித்தார்கள். கேலியாக இல்லை, ரசித்துத்தான் சிரித்தார்கள். "பேஷ், பாதி அலையைப் புல் தின்றுவிடுகிறதா? துறைமுகக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமே" என்றார் ஒருவர். தலைவர் பேனாவைத் திறந்தார். அந்த நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், அண்ணா.

"அந்தக் கணக்கு தப்பு" என்றேன்.

பேனா நின்றது. தொட்டியில் வைத்தது விறைப்பான ஈர்க்கு, கடலில் இருப்பது வளைகிற புல், கழிகளில் பார்த்தால் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைவதில்லை, பட்டுநாடா வைத்து மறுபடி செய்த சோதனையும் அதையேதான் சொல்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிறகு வழுக்கைத் திட்டுகளையும் மணலையும் பற்றிச் சொன்னேன். தலைவர் நிறையக் கேள்வி கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

வெளியே வந்ததும் ஆபீஸர், "வாயை வெச்சுண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். திட்டவில்லை, வருத்தப்பட்டார். சாயங்காலம் முடிவு வந்தது. நான் பர்மனென்ட் இல்லை. மணலைப் பற்றிச் சொன்னது கவனிக்கத்தக்கதாம், தற்காலிகமாகவே இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்க்கலாமாம்.

அப்பா சொன்னது பர்மனென்ட். அவர் வார்த்தைக்கு நான் சம்மதித்துத்தான் வந்தேன். அதனால் மார்ச் பதினான்காம் தேதிக்கு ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன். கழிகளைப் பிடுங்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

உன் மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது. நிமிர்ந்து நிற்கும் என்று எழுதினது நான்தான். வளையும் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம். தினமும் பார்க்கிறவளுக்கு அது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. நீ மறுபடி கொல்லைக்குப் போ. பட்டுநாடாத் தொட்டியை நான் வந்து பார்க்கவேண்டும். மன்னியைத் திட்டாதே.

வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். நேற்றுப் பூராவும் அழுதேன். இன்று தேவலை. ஸ்டேஷனுக்கு நீ வா.

ஸத்யா


மைசூர்,
4-3-1954

சிரஞ்சீவி ஸத்யபாமாவுக்கு ஸ்ரீனிவாசராகவனின் அநேக ஆசீர்வாதம். இங்கே யாவரும் க்ஷேமம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உனக்கு ஜுரம் வந்ததாக ஜயம்மா சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதவும்.

செலுவன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஒருவருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் படிப்பது முறையல்ல. நான் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். பிறகு கொல்லைக்குப் போய் ஜயம்மாவைப் பலகையைத் தள்ளச் சொன்னேன். அவளுடைய பட்டு படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. அதுதான் நீ பார்க்கிற புல்லா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நான் முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்தவன். சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னவர்களைத் தினமும் பார்த்தேன். கேட்பாரில்லாதபோது, கேஸ் தன் பக்கம் ஜயிக்கிற சமயத்தில், தானாக எழுந்து நின்று "நான் முன்னால் கொடுத்தது தப்பு" என்று சொன்ன சாட்சி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. என் பெண் அப்படிச் சொன்னாள் என்று உன் கடிதத்தில்தான் படித்தேன்.

நான் உனக்குக் கெடு வைத்திருக்கக் கூடாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி இன்று காலை எழுதிவிட்டேன்.

நீ பதினான்காம் தேதி இங்கே வரவேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அப்பா